அக்காவின் நாயும் ஏரிக்கரைப் பாதையும்

அந்த ஞாயிறு காலை காரின் பின் இருக்கையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை இரண்டாக மடித்து விரித்தேன். அதற்கு மேல் ஒரு துவாய். தண்ணீர்ப் போத்தல், அலுமினியக் கிண்ணம், அசிங்கம் அள்ளும் பைகள், கால் துடைக்க ஈரத்துணி எல்லாம் ஒரே துணிப்பைக்குள். அக்காவின் வோக்கரை மடக்கி டிக்கியில் வைத்து, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய பத்திரிகைக் கட்டுகளைச் செருகினேன். எதையும் மறக்கவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதுவும் மறதியால் அல்ல.

சொல்லாமல் விட்டது இதைத்தான்: பூங்காவில் ஒரு கணவனும் மனைவியும் நாயைப் பார்க்க வருகிறார்கள். அடுத்த ஞாயிறு அதைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். நாய் அக்காவுடையது.

நானும் அக்காவும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரே தொடர்மாடியில் இருக்கிறோம். அவர் முதலாம் மாடி, நான் நாலாம் மாடி. அத்தான் இறந்து, மகனும் கனடாவுக்குப் போனபின் அக்கா இந்த நாயை எடுத்தார். மண்ணிறம், ஒரு காது மட்டும் மடிந்தது, நல்ல உயரம். அக்கா அதை ராசா என்று கூப்பிடுவார். கடற்கரை ஒழுங்கை முடிவில்தான் இருந்தாலும் நடுவில் ரெயில் பாதை. அந்த நாய்க்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்று, கோச்சிச் சத்தம், அதாவது ரெயில் கூவும் சத்தம். ஆறேழு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் ஒழுங்கையின் அடியில் அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நேரம் தவறி வந்த கோச்சி ஒன்று கூவியது. நாய் திரும்பி இழுத்தது. அக்கா விழுந்தார். இடுப்பு எலும்பு. களுபோவில ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை நன்றாகவே முடிந்தது. அன்றிலிருந்து நாய் என்னோடு நாலாம் மாடியில்.

என் வீட்டில் செருப்புகள்கூட ஒரே திசையைப் பார்த்து இருக்கும். காலையில் எழும்பி, தேத்தண்ணி வைத்து, முதல் நாள் நாட்குறிப்பை ஒருமுறை வாசித்துத் திருத்திவிட்டுத்தான் கந்தோருக்குப் புறப்படுவேன். நாய் வந்தபின் அந்த அரை மணி நேரம் போய்விட்டது. இஸ்திரி போட்ட சேலையில் மயிர். மழை நாளில் விறாந்தை முழுவதும் நாலு கால் சேறு. இரவில் அது கதவடியில் படுத்துக்கொண்டு, கீழே அக்காவின் வீட்டுக் கதவு திறக்கிற சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருக்கும். அந்தப் பெருமூச்சு எனக்குக் கட்டில்வரை கேட்கும். நான் அதற்குச் சாப்பாடு வைத்தேன், நடத்தினேன், குளிக்க வார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை. அன்போடு செய்தேன் என்று மட்டும் எழுத மாட்டேன்.

அக்காவின் மகன் கனடாவிலிருந்து போன் எடுத்தான்.

“சித்தி, அம்மா இனி நடக்கத் தொடங்கினா முதல் வேலையா அந்த நாயைத்தான் பிடிப்பா. திரும்ப விழுந்தா ஆர் பாக்கிறது?”

“நான்தான் இருக்கிறனே.”

“நீங்களும் வேலைக்குப் போறனீங்கள். எங்கையும் நல்ல வீடாப் பாத்துக் குடுத்திடுவம். அம்மாட்டை இப்ப சொல்ல வேண்டாம். ஓம் எண்டவே மாட்டா.”

நான் மறுக்கவில்லை. கொஞ்சம் யோசிக்கிறதுபோலக் காட்டிவிட்டு, “ஓம், அதுவும் சரிதான்” என்றேன். போனை வைத்தபோது எனக்கு வந்தது கவலை அல்ல, ஆறுதல்.

வீடு தேட வேண்டியும் இருக்கவில்லை. கோச்சிச் சத்தம் இல்லாத இடம் வேண்டும் என்பதற்காக ஞாயிறுகளில் நான் நாயைப் பத்தரமுல்லைப் பக்கம் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். சங்கிலியில் பிடித்திருந்தால் நாய்களை விடுகிற பூங்கா. பாதை முழுக்கச் சமதரை, ஏற்றம் இறக்கம் இல்லை. அங்கேதான் அந்தச் சிங்களத் தம்பதியைச் சந்தித்தேன். களனியில் மதில் கட்டிய வளவு. அவர்களுடைய கிழட்டு நாய் செத்து, வெறும் கையோடு நடக்க வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் நாயைக் கண்டால் குந்தி இருந்து தடவுவார்கள். ஒரு நாள் நானே கேட்டேன். அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள் அக்கா சம்மதிப்பாரா?” என்று கேட்டார். “சம்மதித்துவிட்டார்” என்றேன். சிங்களத்தில் அது ஒரே சொல். சுலபமாக வந்தது.

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும், உடற்பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பிள்ளை அக்காவிடம் சமதரையில் நடக்கச் சொல்லியிருக்காவிட்டால். எங்கள் ஒழுங்கையில் வோக்கரோடு நடக்க முடியாது. ஒரு பக்கம் கழிவுநீர்க் கான், மறு பக்கம் மோட்டார் சைக்கிள்.

“நீ உவனை ஒவ்வொரு ஞாயிறும் எங்கையோ கூட்டிக்கொண்டு போறாய். நானும் வாறன்” என்றார் அக்கா.

“தூரம் அக்கா. கார் குலுக்கும்.”

“இடுப்புத்தானே உடைஞ்சது. இருக்கிறதுக்கு இன்னும் இடம் இருக்கு.”

தம்பதிக்குப் போன் எடுத்து அந்தக் கிழமை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை. அவர்கள் மனம் மாறிவிடுவார்களோ என்று பயந்தேன். அத்தோடு எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: அக்காவுக்குச் சிங்களம் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் சிங்களம் என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். காஸ் கொண்டுவருகிறவர், மின்சாரக் கந்தோர், வீட்டுக்காரர், ஆள் பதிவுக்குப் பொலிஸ், எல்லாரோடும் நான் கதைப்பேன். சோதனைச் சாவடியில் அக்கா அடையாள அட்டையை நீட்டிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “அவருக்குச் சிங்களம் தெரியாது, என்னிடம் கேளுங்கள்” என்பேன். எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேனோ தெரியாது. அக்கா ஒருமுறையும் இல்லை என்று சொன்னதில்லை. அது அவருடைய உயரம், நிறம் மாதிரி ஒரு நிச்சயமான விசயமாக என்னில் பதிந்துவிட்டது.

பூங்கா வாசலில் நாய்களுக்கான விதிகள் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் அக்காவை இறக்கினேன். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. ஏரியின் மேல் மெல்லிய பாசி வாசம். நீர்க்காகம் ஒன்று கம்பத்தில் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அக்கா வோக்கரை ஊன்றி, நின்று, மூச்சு வாங்கி, பாதையைப் பார்த்தார். சிவப்புக் கல் பதித்த அந்தப் பாதை தண்ணீரோரமாகவே வளைந்து மர நிழலுக்குள் போகிறது.

“நல்ல இடம் பிள்ளை. இவ்வளவு நாளும் சொல்லவே இல்லை.”

நடந்தோம். நாய் வழக்கமாக என்னை இழுத்துக்கொண்டு போகும். கபரகொய்யா என்கிற பெரிய நீருடும்பு ஒன்று புல்லில் தெரிந்தால் போதும், தோள் கழன்றுவிடும். அன்று அது இழுக்கவில்லை. வோக்கர் ஒரு அடி நகரும், அக்கா ஒரு அடி வைப்பார், நாய் அவருடைய நல்ல கால் பக்கம் வந்து ஒரு அடி வைத்து நிற்கும். அக்கா நின்றால் நிற்கும். நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்க்கும். பிறகு மறுபடியும் ஒரு அடி. பாதையில் கபரகொய்யா ஒன்று குறுக்கே போனது. நாய் அதைக் கண்டது. உடம்பு விறைத்தது. அசையவில்லை.

“நாய் இழுக்கும், அம்மா விழுவா” என்பதுதான் எங்கள் நியாயம். நான் சங்கிலியைப் பார்த்தேன். அது என் கையில் தளர்ந்து, தரையில் தொட்டுக்கொண்டு கிடந்தது.

“கொஞ்ச நேரம் என்னட்டைத் தா.”

“வேண்டாம் அக்கா.”

“சும்மா பிடிக்கிறன்.”

“விழுந்தா நான்தான் பதில் சொல்லோணும்.”

அக்கா வோக்கரின் பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து நாயின் தலையில் வைத்தார்.

வளைவுக்கு அப்பால் தம்பதி வந்துகொண்டிருந்தார்கள். கணவர் அரைக்காற்சட்டை, மனுசி வெயில் தொப்பி. கையில் பை. நாய்க்கென்று ஏதோ கொண்டுவந்திருந்தார்கள். அக்காவை மரத்தடி வாங்கில் இருத்தினேன்.

மனுசி நேரே அக்காவிடம் வந்து குனிந்து, சிங்களத்தில் சொன்னார்: “அக்கே, உங்களுக்குப் பெரிய மனசு. கவலைப்படாதீர்கள், நாங்கள் பிள்ளை மாதிரிப் பார்ப்போம்.”

நான் இடையில் விழுந்தேன். “அவருக்குச் சிங்களம் தெரியாது.” பிறகு அக்காவிடம் திரும்பி, “நாய் நல்ல வடிவாம்” என்றேன்.

“அப்படியோ” என்றார் அக்கா.

மனுசி என்னிடம் கேட்டார்: “மிகவும் கவலைப்படுகிறாரா?”

“கவலைதான். ஆனால் அவரே விரும்பித்தான் தருகிறார். டொக்டரும் நாய் வேண்டாம் என்றுவிட்டார்.”

டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

“என்னவாம்?” அக்கா கேட்டார்.

“நாங்கள் எங்கை இருக்கிறம் எண்டு கேக்கினம்.”

“வெள்ளவத்தை எண்டு சொல்லன். அதுக்கேன் இவ்வளவு நேரம்.”

கணவர், அடுத்த ஞாயிறு இங்கேயே கொண்டுபோகலாமா, வீட்டுக்கு வர வேண்டுமா என்று கேட்டார். இங்கேயே என்றேன். அது படுக்கும் பாய், கிண்ணம் எல்லாம் தருவேன் என்றேன். பிறகு அக்காவுக்கு நான் ஆறுதலாக விளங்கப்படுத்துவேன் என்றும் சொல்லியிருப்பேன். நல்லவேளை, கணவர் அதற்குள் நாயின் முன் குந்திவிட்டார். பையிலிருந்து பிஸ்கட் ஒன்றை எடுத்து நீட்டி, “மெஹே என்ன புத்தே, மெஹே என்ன”, இங்கே வா மகனே, என்று சிங்களத்தில் கூப்பிட்டார். நாய் பிஸ்கட்டைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு அக்காவைப் பார்த்தது. அசையவில்லை.

“வர மாட்டேன் என்கிறதே” என்று மனுசி கவலைப்பட்டார்.

அப்போது அக்கா பேசினார். சிங்களத்தில்.

“அவனுக்குத் தமிழ்தான் தெரியும். ‘வா’ என்று கூப்பிடுங்கள், வருவான். ‘பொறு’ என்றால் நிற்பான். சாப்பாட்டைக் காட்டிக் கூப்பிட்டால் வர மாட்டான். நான் அப்படிப் பழக்கவில்லை.”

என்னுடையது கந்தோர்ச் சிங்களம். அக்காவுடையது சந்தைச் சிங்களம், யாழ்ப்பாணத்து இழுவையோடு, ஆனால் ஒரு சொல்லும் தடக்கவில்லை. மனுசி சந்தோசத்தோடு, “அனே, அக்கே, நன்றாகப் பேசுகிறீர்களே” என்றார். நான் நாயின் சங்கிலியைப் பார்த்தபடி நின்றேன். வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அக்கா அவர்களிடம் மரியாதையாகச் சொன்னார்: “அந்தப் பாலம்வரை அவனை நடத்திப் பாருங்கள். நானும் தங்கச்சியும் கொஞ்சம் கதைக்க வேண்டும்.” பிறகு நாயிடம் தமிழில், “போ ராசா. போட்டு வா” என்றார். நாய் போனது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தது.

வாங்கில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப படிச்சனீங்கள்?” இதைத்தான் முதலில் கேட்டேன். வெட்கக்கேடு.

“படிக்கிறதுக்கு என்ன கிடக்கு. முப்பது வரியமா இஞ்சை இருக்கிறன். மீன்காரன் உனக்குத் தெரிஞ்ச சிங்களத்திலையோ விலை சொல்லுறான்? பகல் முழுக்க ரீவியிலை நாடகம் போகுது. நீ கந்தோராலை வாற நேரம் நான் நிப்பாட்டிப் போடுவன்.”

“எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை.”

“நீ கதைக்க விரும்பினனி. விட்டன்.” பிறகு சொன்னார்: “விழுந்தது நான். ஒப்பரேசன் எனக்கு. நாய் என்ரை. சம்மதம் மட்டும் உன்ரையாக்கும்.”

“உங்களுக்காகத்தான் அக்கா. மகனும்...”

“அவனை விடு. அவன் அங்கை இருந்து பயப்பிடுறான். நீ சொல்லு. ஆருக்காக?”

“திரும்ப விழுந்தீங்கள் எண்டா...”

“ராசா இண்டைக்கு என்னை இழுத்தவனோ? நீயும் பாத்தனிதானே.”

பார்த்தேன் என்று தலையாட்டினேன்.

“அப்ப ஆருக்காக?”

பாதையில் யாரோ ஒரு பிள்ளையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் கடந்து போகும்வரை பொறுத்திருந்தேன், ஆள் இருக்கிறதால்தான் சொல்லவில்லை என்பதுபோல. அவர்கள் போனபின் அந்தச் சாட்டும் இல்லை.

“எனக்கு ஏலாமல் இருக்கு அக்கா. காலமை எழும்பவே பஞ்சியாக் கிடக்கு. வீடு வீடு மாதிரி இல்லை. அது ராத்திரி முழுக்க உங்களைத் தேடுது. என்னோடை அது இருக்கேல்லை, சும்மா காத்துக்கொண்டு கிடக்குது.”

“இது ஒரு சின்ன வசனம். இதை மாடி இறங்கி வந்து சொல்லியிருந்தா நானே ஆள் பாத்திருப்பன்.”

“ஓம் எண்டிருப்பியளோ?”

“அழுதிருப்பன். பிறகு ஓம் எண்டிருப்பன். குனிஞ்சு ஒரு கிண்ணத்தை வைக்க ஏலாத எனக்கு நாயை வைச்சிருக்க ஏலாது எண்டு தெரியாதோ? தெரிஞ்சுகொண்டு சொல்லாமல் இருந்தனான். நீ கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்கவில்லை. துணிப்பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். அது நாய்க்குக் கொண்டுவந்த போத்தல். அக்கா ஒரு வாய் குடித்து, மூடியைத் திருகித் திருப்பித் தந்தார்.

பாலத்தடியிலிருந்து அவர்கள் திரும்பி வந்தார்கள். மனுசி “வா, வா” என்று பழகிக்கொண்டே வந்தார். நாய் அக்காவைக் கண்டதும் இழுக்கத் தொடங்கியது. அக்கா கையை உயர்த்தி “பொறு” என்றார். அது அந்த இடத்திலேயே நின்றது.

பிறகு பேசியது அக்காதான். நான் வாங்கின் ஓரத்தில் இருந்தேன். ரெயில் பாதை வீட்டுக்குக் கிட்டவா என்று கேட்டார். இல்லை, சத்தம் வராது என்றார் கணவர். பிறகு அக்கா, மீன் முள்ளுப் போடக்கூடாது, இடிக்குப் பயமில்லை, வெடிச் சத்தத்துக்கும் பயமில்லை, கோச்சிக்கு மட்டும்தான் பயம், பயந்தால் காதுக்குப் பின்னால் தடவினால் போதும் என்றார். தங்கச்சி உங்களுக்குச் சொன்னது பிழை, அவள் என்னிடம் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்டாள், இப்போதுதான் நான் சம்மதிக்கிறேன் என்றும் சொன்னார். என்னை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரியாக எழுதி முடிக்கிறதுபோலத்தான் சொன்னார். அந்த மனுசி என்னை ஒரு கணம் பார்த்து, உடனே பார்வையை நாயின் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நாகரிகம் எனக்குப் பேச்சு வாங்கியதைவிடப் பாரமாக இருந்தது.

“ஒரு கேள்வி” என்றார் அக்கா கடைசியில். “ஞாயிறுகளில் இங்கே கூட்டி வருவீர்களா? எனக்கு நடக்க வேண்டும்.”

“கட்டாயம் அக்கே.”

திரும்பும்போது நாய் பின் இருக்கையில் தலையை அக்காவின் மடியில் வைத்துக்கொண்டது. அக்கா முன்னுக்கு இருக்கவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்க்காமல் காரை ஓட்ட வேண்டியிருந்தது. காலி வீதி நெரிசலுக்குள் வந்தபின்தான் வாய் திறந்தார்.

“பொய் சொல்லேக்கை உன்ரை சிங்களம் நல்லாத்தான் இருக்கு.”

நான் முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஹோர்ன் அடித்தேன்.

“மகனுக்கு நான் சொல்லுறன். நீ ஒண்டும் கதைக்காதை. வெங்காயம் முடிஞ்சுது, கடையடியிலை நிப்பாட்டு.”

அந்தக் கிழமை நாயை அக்காவின் வீட்டில் விட்டேன். காலையிலும் பின்னேரமும் இறங்கிப் போய் நடத்தினேன். கிண்ணத்தை நான் வைத்தேன், நிரப்பினேன், கழுவினேன். அந்த ஒரு கிழமை எனக்கு ஏலாமல் இருக்கவில்லை. அதையும் அக்கா கவனித்திருப்பார். ஒரு நாள் வாசலில் நின்று, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே செய்து பார்ப்போமா என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். “வேண்டாம். குடுத்த சொல்லு. அதோடை, ஒரு கிழமைக்கு ஆரும் நல்லவையா இருக்கலாம்.”

ஞாயிறு வந்தது. நாய் போனது. அக்கா சொன்னபடியே அழுதார், சொன்னபடியே முடித்தார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் அந்தப் பாதைக்குப் போகிறோம். அக்கா வோக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்துவிட்டார். நாய் கொழுத்திருக்கிறது, மயிர் மினுங்குகிறது. களனி மனுசி “பொறு” என்றால் நிற்கிறது. சிங்களத்திலும் கொஞ்சம் பழகியிருக்கிறது. அக்காவைக் கண்டால் அதன் முழு உடம்பும் ஆடும். அவர் வாங்கில் இருக்கும்வரை அவருடைய முழங்காலில் தாடையை வைத்திருக்கும். பிறகு எழுந்து என்னிடமும் வரும். நான் என்ன செய்தேன் என்று அதற்குத் தெரியாது. என் கையை முகர்ந்து, முன்பு போலவே வாலை ஆட்டும். அக்காவின் கோபத்தைத் தாங்கினேன். இதைத்தான் தாங்க முடிவதில்லை.

அக்காவும் அந்த மனுசியும் கதைத்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள், விலைவாசி, நாடகம், முழங்கால் நோ. நான் கொஞ்சம் பின்னால் நடப்பேன். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் துணிப்பையை அடுக்கும்போது அந்த அலுமினியக் கிண்ணத்தை எடுத்து வைக்கிறேன். அதற்கென்று களனியிலிருந்து வேறு கிண்ணம் வருகிறது. என்னுடையதில் தண்ணீர் ஊற்றிப் பாதையோரம் வைப்பேன். சில நாள் அது குடிக்கும். சில நாள் குடிக்காது. குடிக்காத நாளில், தண்ணீரைப் புல்லில் ஊற்றி, கிண்ணத்தைத் துடைத்து, பைக்குள் அதே இடத்தில் வைக்கிறேன்.